சட்டை பத்திரம்

மே 6

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் போனை எடுப்பதில்லை. வீட்டுக்கு வந்தால் அக்கா கதவைப் பாதி திறந்து, "அவர் தூங்குறார்" என்று சொல்லி அந்தப் பாதியையும் சாத்திவிடுகிறார். பட்டப்பகலில் நீங்கள் தூங்கி நான் பார்த்ததே கிடையாது. கடிதத்தையாவது பிரிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். கடைசியாக நான் கடிதம் எழுதியது பள்ளிக்கூடத்தில், காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு கேட்டு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாவுக்கட்டைப் பிரித்தாகிவிட்டது என்று என் வீட்டுக்காரி சொன்னாள். அவளுக்கும் அவளுடைய அக்கா நேரில் சொல்லவில்லை. மருந்துக்கடையில் யாரோ சொல்லித்தான் தெரிந்ததாம். கூடப் பிறந்தவர்கள் இப்படி ஆகிவிட்டார்களே என்று ராத்திரி முழுக்க மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறாள். எலும்பு கூடிவிட்டது என்று கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது, அண்ணா. அதை நம்புங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மலையேற்றச் சங்கத்தில் வழிநடத்துனர் பதவிக்கு என் பெயர் போயிருக்கிறது. பதினைந்து வருடமாகக் கடை கவுண்டருக்குப் பின்னால் நின்று அடுத்தவன் ஏறுகிற மலைக்குச் செருப்பும் பையும் விற்றவன் நான். இந்தப் பதவி வந்தால் முதலாளி புதுக் கிளையை என் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் செயலாளர் ஒன்று கேட்கிறார். போன மாதம் நீங்கள் தனியாக இறங்கி விழுந்தது பற்றி உங்களிடமிருந்தே இரண்டு வரி வேண்டுமாம். ஒன்றும் பெரிதில்லை. "களைப்பாக இருந்ததால் நானே விருப்பப்பட்டுத் திரும்பிவிட்டேன், யார் மீதும் குறை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

அந்தச் சட்டை உங்களிடமே இருக்கட்டும், என் அன்பளிப்பாக. ஒன்றே ஒன்று, துவைத்தால் பச்சைத் தண்ணீரில் துவைக்கச் சொல்லுங்கள். வெந்நீரில் போட்டால் கைக்குழந்தைச் சட்டை ஆகிவிடும். கொடியில் தொங்கவிடாமல் நிழலில் விரித்துக் காயப்போட வேண்டும். கம்பளி அல்லவா.

உங்கள் சகலை


மே 11

சகலைக்கு,

கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். இடது கை. வலது கையின் கட்டைப் பிரித்துவிட்டார்கள் என்பது சரிதான். எலும்பு கூடிவிட்டது, மணிக்கட்டு திரும்பத்தான் மாட்டேன் என்கிறது. பூட்டில் சாவியை விட்டால் நான்தான் சாவியைச் சுற்றி வர வேண்டும்.

என் பிழைப்பு உனக்குத் தெரியும். பல் டாக்டர்கள் அனுப்புகிற அச்சைப் பார்த்து மெழுகில் பல் செதுக்குகிறவன். நேற்று பட்டறைக்குப் போய் என் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரே ஒரு கடைவாய்ப் பல். அதன் குழிவைத் தோண்டும்போது கை திரும்ப வேண்டும். திரும்பவில்லை. மூன்று முறை மெழுகை உருக்கினேன், மூன்று முறையும் கல் உப்பு மாதிரி ஒன்று வந்தது. பக்கத்து மேஜைக்காரர் அதைப் பார்க்காததுபோல ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். அந்தச் சத்தம்தான் எனக்குத் தாங்கவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

இந்தக் கையால் உனக்கு இரண்டு வரி வேண்டுமாம். 'நானே விருப்பப்பட்டு.' அடேயப்பா! வார்த்தையைக்கூட நீயே அளந்து வெட்டி, மடித்து, பையில் போட்டு நீட்டுகிறாய். கடைக்காரன் புத்தி எங்கே போகும்?

உனக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். ஒரு வருடமாக என்னை அரித்தெடுத்தது யார்? "ஒரு தடவை வந்து பாருங்கண்ணா, பல்லையே பார்த்துட்டு இருந்தா கண்ணு போயிடும்" என்று சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து என் மனைவியையும் உன் கட்சியில் சேர்த்துக்கொண்டாய். வந்தேன். உச்சிக்குக் கீழே அந்த மொட்டைப் பாறையில் என் தொடை இரண்டும் பிடித்துக்கொண்டன. தலை சுற்றியது. நீ என் மேல் உன் சட்டையை மாட்டிவிட்டு உன் சங்கத்து ஆட்களோடு மேலே போனாய். நான் உட்கார்ந்திருந்தேன். நிழல் நீண்டது, வெயில் போனது, நீ வரவில்லை. இருட்டுக்கட்டின பிறகு நானே தடவித் தடவி இறங்கினேன், விழுந்தேன். வண்டி நிறுத்துமிடத்துக் காவலாளி, நான் ஓட்டி வந்த கார் மட்டும் எடுக்காமல் நிற்கிறதே என்று டார்ச்சோடு மேலே வந்ததால் இன்றைக்கு இதை எழுதுகிறேன். யாரோ ஒரு காவலாளி. அவனுக்கு நான் என்ன உறவு?

நீங்களோ மலையின் மறுபக்கம் இறங்கி வேனில் ஏறி, பாட்டுப் பாடிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்திருக்கிறீர்கள். பாட்டு விஷயத்தை உன் மனைவியே வாய் தவறிச் சொன்னாள். என் மனைவி பயந்துபோய் உனக்கு போன் செய்தபோது, "வந்துடுவாருக்கா, ரோடு மாதிரி பாதை" என்றாயாம்.

கொளுத்துகிற வெயில் காலத்தில் ஒரு மனுஷனுக்குக் கம்பளியைப் போர்த்திவிட்டு மலையில் விட்டவன் நீ. வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டு வரி என்ன, ஒரு எழுத்துகூட எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
உன் மனைவியின் அக்காள் கணவன்


மே 15

அண்ணனுக்கு,

வணக்கம். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் கம்பளி கம்பளி என்று சொல்கிறீர்களாமே, என் கடைக்கே அது வந்து சேர்ந்துவிட்டது. நேற்று ஒரு கஸ்டமர் அந்தச் சட்டையைக் கையில் எடுத்துவிட்டு, "இதைப் போட்டுத்தானே ஒருத்தர் மயக்கம் போட்டாரு?" என்று திரும்ப மாட்டிவிட்டுப் போனார். ரொம்ப நன்றி.

கம்பளி என்றதும் உங்களுக்குப் போர்வைதான் ஞாபகம் வரும். சட்டையை நீங்கள் தொட்டுப் பார்த்திருக்கிறீர்கள், கைக்குட்டை கனம்கூட இல்லை. வெயிலில் வேர்வையை உறிஞ்சிக் காற்றில் விட்டுவிடும், உடம்போடு ஒட்டாது. தோளில் வெயில் உறைக்காது. நாலு நாள் போட்டாலும் நாறாது. நனைந்தாலும் உடம்புச் சூட்டை விடாது. இதையெல்லாம் உங்கள் வீட்டு மேஜையிலேயே சொன்னேன், ஒரு சட்டையை உங்களுக்கென்று எடுத்தும் வந்தேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "வெயில்ல கம்பளி போடறவனுக்கு மழையில விசிறி வாங்கிக் கொடுக்கணும்." எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் பையன்கூடச் சிரித்தான். நான் சட்டையை மடித்துத் திரும்பக் கொண்டுபோனேன்.

கடைசியில் எதைப் போட்டு வந்தீர்கள்? பட்டறைக்குப் போட்டுப்போகிற தடிமனான பருத்திச் சட்டை, உள்ளே ஒரு பனியன். பாதி மலையிலேயே பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வந்திருக்கும். மொட்டைப் பாறையில் மேகம் மூடிக் காற்று அடித்ததும் அந்த ஈரத்தில்தான் உங்களுக்கு நடுக்கம் எடுத்தது. உங்கள் உதடு நீலமாகிவிட்டது, நீங்கள் அதைப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அத்தனை பேர் நடுவில் என் சட்டையைக் கழற்றி உங்களுக்குப் போட்டுவிட்டேன். வெறும் உடம்பில் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு புழுங்கிக்கொண்டே மேலே ஏறினேன். கைவிட்டுப் போகிறவன் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டா போவான்? நீங்களே சொல்லுங்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. சட்டை மாட்டின கொஞ்ச நேரத்தில் உங்கள் நடுக்கம் நின்றுவிட்டது. கால் பிடிப்பும் விட்டிருக்கும். நல்ல வெளிச்சம் இருந்தது. வந்த பாதைதான், கண்ணை மூடிக்கொண்டு இறங்கலாம். ஏன் இறங்கவில்லை? இருட்டும்வரை அங்கே உட்கார்ந்து என்ன செய்தீர்கள்? எல்லாவற்றுக்கும் நான்தான் கிடைத்தேனா?

உச்சியில் சங்கத்து ஆட்கள் எல்லாரும் மறுபக்கம் இறங்கலாம் என்று முடிவெடுத்தார்கள். நான் ஒருவன் என்ன செய்ய முடியும்? நீங்கள் இறங்கியிருப்பீர்கள் என்றுதான் நினைத்தேன். எவனும் அப்படித்தான் நினைப்பான்.

சகலை


மே 23

சகலைக்கு,

முந்தாநாள் என் மனைவி உன் கடைக்கு வந்தாள். உனக்குத் தெரியாது. தங்கையை அங்கே பார்க்கலாம் என்று வந்தவள், டயர் கடைப் பக்கத்துப் படிக்கட்டில் ஏறி, வாசலில் நிற்கும் அந்தத் தலையில்லாத பொம்மைக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். பொம்மைக்கு அதே சட்டை. நீ யாரோ கணவன் மனைவிக்கு வியாபாரம் செய்துகொண்டிருந்தாயாம். "இது சும்மா சட்டை இல்லைங்க, எங்க சகலை உயிரையே காப்பாத்தின சட்டை. மலையில என் சட்டையைக் கழட்டிப் போட்டுவிட்டேன், அன்னிக்கு மனுஷன் பிழைச்சாரு." அந்த அம்மாள் கண் கலங்கி இரண்டு சட்டை வாங்கினாளாம்.

என் மனைவி படியிறங்கி வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் பாத்திரம் துலக்கப் போனாள். அந்தச் சத்தத்தில்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நான் கம்பளியைக் குறை சொன்னேன், உன் வியாபாரம் கெட்டது. அதற்குப் பதிலாக என்னையே விற்கிறாயா? வாய் கூசவில்லையா உனக்கு? உயிரைக் காப்பாற்றினாயாம். அந்தக் கதையில் நீ திரும்பி வந்த பகுதி எங்கே? அந்த அம்மாள் கேட்கவில்லையா, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று?

நான் தினமும் செட்டுப் பல் செய்தவன். சிரிக்கிறவன் வாயில் எது முளைத்தது, எது மாட்டியது என்று எனக்குத் தெரியும்.

சரி, உனக்கு அந்தப் பதவி வேண்டும். உன் பெண்டாட்டி பிள்ளைக்கு அதனால் நல்லது நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். உன் சோற்றில் மண்ணைப் போட எனக்கு ஆசை இல்லை. நானும் ஒன்று கேட்கிறேன், செய்துகொடு. கிளம்பும்போது என்னிடம் நீ சொன்னதை, சொன்னபடியே ஒரு தாளில் எழுதி அனுப்பு. நீ மறந்திருக்க மாட்டாய். உன் சட்டையை எனக்கு மாட்டிப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டே சொன்னது. அதை மட்டும் எழுதி உன் கையெழுத்தைப் போடு. மறுநாளே நீ கேட்ட இரண்டு வரியில், நீ கேட்ட அதே வார்த்தையில், நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். இடது கையால்தான், செயலாளர் ஏற்றுக்கொள்வார்.

கை போனதை நான் யார் தலையிலும் கட்டவில்லை. விழுந்தது என் கால். ஆனால் ஒன்றரை மாதமாக எல்லார் வாயிலும் நான் ஒரு பைத்தியக்காரன், பாதை தெரிந்தும் பாறையில் குந்தியிருந்த கிழவன். என் மகளே கேட்டுவிட்டாள், "ஏம்பா, அங்கேயே ஏன் உட்கார்ந்திருந்தே?" என்று. அவளுக்குக் காட்ட எனக்கு அந்த ஒரு வாக்கியம் வேண்டும்.

இப்படிக்கு,
உன் கதையில் பிழைத்தவன்


ஜூன் 2

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை ஒரு வாரம் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். இரண்டு முறை தாளை எடுத்து உட்கார்ந்தேன். வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "எழுதிட்டீங்களா?" என்றாள். பேனா எழுதவில்லை என்றேன்.

நான் என்ன சொன்னேன்? "இங்கேயே இருங்க, போயிட்டு வந்துடறேன்" என்கிற மாதிரி ஏதோ சொல்லியிருப்பேன். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அண்ணா, நம் ஆட்களில் எவனாவது 'போகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போவானா? கடைக்குக் கிளம்பினாலும் போயிட்டு வரேன், எழவு வீட்டைத் தவிர எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் போயிட்டு வரேன். வாயில் வருகிற வார்த்தை அது. அதைப் பிடித்துக்கொண்டு ஒருத்தர் பாறையில் உட்கார்ந்திருப்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதைத் தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? ஏதோ சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டு ஏமாற்றிய மாதிரி ஆகிவிடும். நாளைக்கு அந்தத் தாள் செயலாளர் மேஜைக்குப் போகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? மன்னித்துக்கொள்ளுங்கள், எனக்கும் குடும்பம் இருக்கிறது.

அதனால் நான் எழுதப் போவதில்லை. நீங்களும் எழுத வேண்டாம். கூட வந்தவர்களே எனக்காகச் செயலாளரிடம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பதினெட்டாம் தேதி கூட்டம்.

இன்னொன்று. அன்பளிப்பு என்று முன்பு எழுதினேன். நீங்கள் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை என்பது தெரிகிறது. ஆகவே அந்தச் சட்டையை யாரிடமாவது கொடுத்தனுப்பிவிடுங்கள். அது கடையில் கஸ்டமருக்குப் போட்டுக் காட்டுகிற சட்டை, கணக்கில் இருக்கிறது, முதலாளி கேட்கிறார்.

சகலை


ஜூன் 9

சகலைக்கு,

நீ சொல்வது வாஸ்தவம். போயிட்டு வரேன் என்பது வாயில் வருகிற வார்த்தைதான். நானும் தினமும் சொல்கிறேன். வார்த்தையை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தேன் என்றால் ஊர் சொல்வது சரி, நான் பைத்தியக்காரன்.

ஏன் இறங்கவில்லை என்று மே மாதம் கேட்டாயே, அப்போது பதில் சொல்ல எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. இப்போது சொல்கிறேன். கால் பிடிப்பு விட்டது, நீ சொன்ன மாதிரியேதான். நடுக்கமும் நின்றது. எழுந்தேன். இறங்கலாம் என்று பையைக்கூடத் தோளில் மாட்டிவிட்டேன். அப்போது உன் சட்டை என் உடம்பில் இருந்தது. குனிந்து பார்த்தேன். உன் அளவு, எனக்குத் தொளதொளவென்று தொங்கியது. எனக்குச் சிரிப்பு வந்தது. மேஜையில் உன்னை நான் அத்தனை கேலி செய்தும், நீ அதைக் கழற்றி எனக்குப் போட்டாயே என்று நினைத்தேன். இவன் வெறும் மழைக்கோட்டோடு மேலே போயிருக்கிறான், திரும்பி வரும்போது காற்றில் விறைத்துப்போய் வருவான், நான் இறங்கிப்போய்விட்டால் இவன் சட்டை இல்லாமல் என்ன செய்வான் என்று நினைத்தேன். மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன்.

உனக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். போதுமா? சட்டை உன்னுடையது, உனக்கு அது வேண்டியிருக்கும் என்று உட்கார்ந்திருந்தேன். நிழல் வரவர உனக்குக் குளிருமே என்றுதான் கவலையாக இருந்தது, என்னைப் பற்றி இல்லை. போனில் சிக்னல் இல்லை, மேலே ஏதாவது ஆகிவிட்டதோ என்று இரண்டு தடவை உன்னை முறை சொல்லிக் கூப்பிட்டேன். நீ அப்போது வேனில் இருந்திருக்கிறாய்.

மேலிருந்து மறுபக்கம் இறங்கினபோது, அத்தனை தூரம் வண்டியில் வந்தபோது, உனக்குக் குளிரவே இல்லையா? ஒரு தடவைகூடச் சட்டை எங்கே என்று உன் கை தேடவில்லையா? இதைத்தான் இரண்டு மாதமாக யோசிக்கிறேன்.

இன்றைக்கு நல்ல வெயில். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். காலையிலிருந்து போட்டிருக்கிறேன், புழுங்கவில்லை. முதுகில் ஒட்டவில்லை. நாற்றமும் இல்லை. பச்சைத் தண்ணீரில்தான் அலசினோம், ஒரு விரல்கடைகூடச் சுருங்கவில்லை. சட்டையைப் பற்றி நீ சொன்னது அத்தனையும் நிஜம். இனிமேல் கம்பளியைக் குறை சொல்ல மாட்டேன், உன் வியாபாரத்துக்குப் பயமில்லை.

செயலாளருக்கு எழுதிவிட்டேன், இதே தபாலில் போகிறது. நீ இரண்டு வரி கேட்டாய், இரண்டே வரிதான் எழுதினேன். பொய் ஒன்றும் இல்லை, வேண்டுமானால் அவரிடம் கேட்டு வாசித்துப் பார். "என் சகலை தன் சட்டையைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு உச்சிக்குப் போனார். அதனால் அவர் திரும்பி வருவார் என்று நம்பி, இருட்டும்வரை அங்கேயே காத்திருந்தேன்." அவ்வளவுதான். குறை நிறை எதுவும் சொல்லவில்லை. பதவி கொடுக்கிறதும் கொடுக்காததும் அவர்கள் பாடு.

சட்டையை யாரிடமும் கொடுத்தனுப்ப மாட்டேன். கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டு என் தோளைத் தட்டி நீ சொன்னதை, நீ எழுத மாட்டேன் என்ற அந்த வாக்கியத்தை, நானே எழுதுகிறேன். "இங்கேயே இருங்கண்ணா, போயிட்டு வந்துடறேன். சட்டை பத்திரம், வந்து வாங்கிக்கறேன்."

சட்டை பத்திரமாக இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்.